எரிந்த பலகையை மீண்டும் செதுக்கியவர்



நமக்கு வாய்த்தது போதாது என்று நாம் பல வேளைகளில் முறையிடுகிறோம். படிப்பு போதாது, வசதி போதாது, உடல்நலம் போதாது. இவை எல்லாமே குறைவாய் வாய்த்த ஒருவரை இன்று நினைத்துப் பார்ப்போம்.

ஜப்பானின் வடபகுதியில் உள்ள அவோமோரியில், 1903-ஆம் ஆண்டு, ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார் முனகாதா ஷிகோ. பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பம். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. சிறு வயது முதலே கடுமையான கிட்டப்பார்வை. ஆனால், ஓர் இதழில் அச்சான வான்கோவின் சூரியகாந்திப் பூக்களைக் கண்டதும், தானும் வான்கோ ஆவதென்று உறுதி பூண்டார். 1924-இல் தோக்கியோ சென்றார். ஓவியப் பள்ளியில் பயிலவில்லை. தானே வரைந்து தானே கற்றார். அரசுக் கண்காட்சிக்கு அனுப்பிய ஓவியங்கள் மீண்டும் மீண்டும் நிராகரிக்கப்பட்டன. 1928-இல்தான் ஒன்று ஏற்கப்பட்டது.

அதன்பின் அவர் எண்ணெய் வண்ணத்தில் நிலைத்துவிடவில்லை. தான் போற்றிய வான்கோவே வியந்து போற்றியது ஜப்பானிய மர அச்சுப் படங்களை அல்லவா! தேடியது தன் சொந்த மண்ணிலேயே இருப்பதை உணர்ந்து, உளியைக் கையில் எடுத்தார். முகம் பலகையில் உரசும் அளவுக்குக் குனிந்து, மிக வேகமாகச் செதுக்குவார். படம் தன்னுடைய திறமையால் வருவதல்ல, பலகைக்குள் இருக்கும் உயிரே வெளிவருகிறது; தன்னிலும் பெரிய ஆற்றல் ஒன்று தன் கை வழியாக வேலை செய்கிறது என்று நம்பினார்.

1939-இல் புத்தரின் பத்துப் பெருஞ்சீடர்களையும், அவர்களுக்கு இருபுறமும் நிற்க இரண்டு போதிசத்துவர்களையும் பன்னிரண்டு படங்களாக உருவாக்கினார். பின்னர் போர் வந்தது. 1945-இல் குண்டுவீச்சில் அவருடைய தோக்கியோ வீடு எரிந்தது. செதுக்கிய பலகைகளில் பெரும்பாலானவை சாம்பலாயின. சீடர்களின் பலகைகள் மட்டும் தப்பின. எப்படி? ஊருக்கு அனுப்பிய நாற்காலிகள் உடையாதபடி, பொதியில் அடைத்துக் கட்ட அவை பயன்பட்டிருந்தன! போதிசத்துவர்களின் பலகைகள் எரிந்துபோயின. 1948-இல், அவற்றை அவர் புதிதாகச் செதுக்கினார்.

1955-இல் சாவோ பாவ்லோவிலும், 1956-இல் வெனிசிலும் நடந்த பன்னாட்டுக் கண்காட்சிகளில் அவருக்கு உயரிய பரிசுகள் கிடைத்தன. பிற்காலத்தில் இடக்கண் பார்வை போயிற்று. உளி நிற்கவில்லை. 1975-இல் அவர் மறைந்தார்.

அன்பார்ந்தவர்களே, பரிசுகளைவிட 1948-ஆம் ஆண்டே நம்மைத் தொடுகிறது. பல ஆண்டு உழைப்பு ஓர் இரவில் போனபின், மறுபடியும் ஒரு வெறும் பலகையின் முன் உட்காருவது எளிதா? நம் வீடுகளிலும் எரிந்துபோனவை உண்டு: முறிந்த உறவு, நொடித்த தொழில், பாதியில் நின்ற படிப்பு. போனதை எண்ணி அழ நமக்கு உரிமை உண்டு. ஆனால், பொதிக்குள் தப்பிக் கிடப்பது என்ன என்று தேடிப் பார்த்தோமா? பயனற்றது என நாம் ஒதுக்கிவைத்ததில் ஏதோ ஒன்று இன்னும் முழுமையாய் இருக்கலாம்.

தப்பியதை நன்றியோடு எடுத்துக்கொள்வோம். எரிந்ததை மீண்டும் செதுக்கத் தொடங்குவோம். நம் கைகளை வழிநடத்துபவர் நம்மிலும் பெரியவர்.