படத்தில் இல்லாத புள்ளி
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்க் கவிதைக்கு நிலவு புதிதன்று, விடிவெள்ளியும் புதிதன்று. ஒளிர்வன பலவும் பாடப்பெற்றுவிட்டன. ஒளி குன்றிய ஒன்றைப் பற்றியது இவ்வுரை.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஞாயிற்றைச் சுற்றிவரும் சிறுகோள்களுள் ஒன்று கமில்லா. வரிசை எண் 107. குறுக்களவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மேற்பரப்பு கரிப்பொருள் நிறைந்தது. விழும் ஒளியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கையே திருப்பித் தருவது. வெறுங்கண்ணுக்குத் தென்படாத இக்கருங்கோள் 1868 நவம்பர் 17 அன்று முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் சென்னை வானாய்வகம், நுங்கம்பாக்கத்தில் இருந்தது.

கண்டவர் அதன் தலைவர் நார்மன் பாக்சன். கிரேக்கப் பெண்பாற்புலவர் சாஃபோவின் பெயரைத் தாங்கிய சிறுகோளையும் 1864இல் அங்கிருந்தே அவர் கண்டார். சிறுகோள் வேட்டைக்குப் புகைப்படத் தகடு வந்திராத காலம் அது. விண்மீன் வரைபடத்தை வானத்தோடு ஒப்பிட்டு, படத்தில் இல்லாத புள்ளியைத் தேட வேண்டும். அடுத்த இரவு அப்புள்ளி இடம் பெயர்ந்திருந்தால் அது விண்மீனன்று.

மரபா புதுமையா என்று வழக்காடும் கவிஞர்க்கு இங்கே ஒரு விடை உண்டு. படத்தை முற்றக் கற்றவனுக்கே படத்தில் இல்லாதது புலப்படும். யாப்பும் அணியும் அறியாதவன், பழையதையே புதியதெனக் கொண்டாட நேரும். அதே வேளையில், படத்தில் இல்லாததைப் பிழையென்று தள்ளுபவனுக்கும் கமில்லா கிட்டாது. கற்றலும் வேண்டும், கற்றதைக் கடந்து நிற்பதை ஏற்கும் துணிவும் வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையெனில் இரவுகள் வீணே.

கண்டதோடு காண்பதும் முடிவதில்லை. 2001இல் ஹபிள் தொலைநோக்கி கமில்லாவுக்கு ஒரு நிலவு உண்டெனக் காட்டியது; இரண்டாம் நிலவு 2016இல் அறிவிக்கப்பட்டது. முன்னவர் கண்ட புள்ளிக்குள் பின்னவர் கண்டவை அவை. நல்ல கவிதையை மறுபடி படிப்போரும் அறிவர் இதனை.

கமில்லா ஞாயிற்றை ஒருமுறை வலம்வர ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள். இவ்வட்டம் தோன்றிய நாள்முதல் அது ஒன்றரைச் சுற்று வந்திருக்கிறது, பாடுவார் உண்டா என்று பாராமலே. பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் செய்யத்தக்கது ஒன்று: பெயர் பெற்ற ஒளிகளைப் போற்றுவதோடு, கூட்டத்தின் கடைசி வரிசையில் எழுதிய தாளை மடித்து வைத்திருக்கும் இளங்கவிஞரை மேடைக்கு அழைத்துப் படிக்கச் சொல்லுதல்.