கேள்விக்கும் ஒரு சோதனை

கணக்கெடுக்க வரும் உத்தியோகத்தர் நம்மிடம் கேள்வி கேட்கிறார். நாம் விடை கூறுகிறோம். அக்கேள்வி நமது வாழ்க்கைக்குப் பொருந்துமா என்பதை முன்கூட்டியே சோதித்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களில் மகளுக்கு மணம் பேசும்போதே வீடும் பேசப்படுகிறது. பெற்றோர் மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பர். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழ்வார். அங்கே சென்று, "குடும்பத் தலைவர் யார்?" என்று வினவினால், மனைவி கணவரின் பெயரையே சொல்வாள். அதனையே வீட்டுரிமைக்கும் விடையாகக் கொண்டால், உறுதி ஒருவர் பெயரிலும் பதிவு மற்றொருவர் பெயரிலும் அமைந்துவிடும்.

இது வெறுங் கற்பனையன்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பின்னர் நிவாரண வீடுகள் வழங்கப்பட்டபோது, குடும்பத் தலைவர் என்ற முறையில் பல வீடுகள் ஆண்களின் பெயருக்கே எழுதப்பட்டன. சீதன வீட்டைக் கடலுக்குப் பறிகொடுத்த பெண்கள் பலர் புதிய வீட்டில் உரிமையற்றவராயினர். பெண்கள் அமைப்புகள் இக்குறையை எடுத்துக்காட்டின.

பண விடயமும் இத்தகையதே. "மாத வருமானம் எவ்வளவு?" என்றால், வேளாண்மை செய்பவருக்கு வரவு போகத்துக்குப் போகம்; கடற்றொழிலாளருக்கோ அன்றன்றைய பாடு. "கடன் உண்டா?" என்றால், நகையை அடகு வைத்தவரும் "இல்லை" எனக்கூடும். சீட்டை முதலில் எடுத்தவருக்கு அது கடன். கடைசியில் எடுப்பவருக்கு அதுவே சேமிப்பு.

ஆகவே, கேள்வித்தாளை அச்சிடுமுன் சில வீடுகளில் அதனைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். மீனவர், நெசவாளர், அரச ஊழியர், கைம்பெண் எனப் பலதரப்பட்டோரையும் அணுகுதல் வேண்டும். விடை பெற்றதும் நின்றுவிடாது, "இக்கேள்வியை எவ்வாறு விளங்கிக்கொண்டீர்கள்? இத்தொகையை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்றும் வினவுதல் நன்று. கணவரையும் மனைவியையும் தனித்தனியே கேட்டால், ஒரே வீட்டின் இரண்டு கணக்குகள் வெளிப்படலாம். எங்கே விடைகள் முரண்படுகின்றனவோ, அங்கே கேள்வியைத் திருத்துதல் வேண்டும். "தலைவர் யார்?" என்பதோடு, "உறுதி யார் பெயரில் உள்ளது?" என்று தனியாகவும் கேட்டல் வேண்டும்.

நேயர்களே, நமக்கும் இதிலே கடமையுண்டு. கேள்வி விளங்காவிடின் விளக்கம் கேளுங்கள். வீடு மனைவியின் பெயரில் இருந்தால், கேளாவிடினும் அதனைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.