முகங்கள் பல கொண்டவரும் பெயரற்ற போர்வீரனும்



தம் உருவத்தையே திரும்பத் திரும்பப் படம் பிடித்துக்கொண்ட ஒருவரைப் பற்றி அரசியல் மேடையில் பேசுவானேன் என்று நீங்கள் வினவலாம். வயலிலும் வழக்குமன்றிலும் வேலை குவிந்து கிடக்க, இது வீண் ஆடம்பரம் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

பிரான்சு நாட்டின் நாந்த் நகரில், யூத வழிவந்த தந்தையாருக்கு 1894ஆம் ஆண்டு லூசி ஷ்வோப் என்னும் மகள் பிறந்தார். இளமையிலேயே அப்பெயரைக் களைந்து, குளோட் காகுன் எனத் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். குளோட் என்பது அந்நாட்டில் இருபாலார்க்கும் பொதுப்பெயர். பிரெஞ்சு மொழியில் ஒருவரைச் சுட்டும்போதே அவன், அவள் என்று பிரித்தாக வேண்டும். தமிழில் 'அவர்' என்ற சொல் இருப்பதால் நமக்கு அந்த இடர்ப்பாடில்லை!

1920களில் எடுக்கப்பட்ட படங்களைப் பாருங்கள். ஒன்றில் தலையை மழித்து ஆடவர் உடையில் நிற்கிறார். மற்றொன்றில் கன்னங்களில் இருதய வடிவம் தீட்டிய பளுதூக்கும் வீரர். இன்னொன்றில் ஒப்பனை மிகுந்த பொம்மை போன்ற பெண். கமராவின் பின்னால் உதவி நின்றவர் பெரும்பாலும் வாழ்க்கைத் துணைவியான ஓவியர் மார்செல் மூர். ஆண்மை, பெண்மை என்று ஊரார் வகுத்த கோலங்கள் உடையாலும் கூந்தலாலும் நிற்கும் நிலையாலும் ஆக்கப்படுபவை என்பதற்குத் தம் உடம்பையே காகுன் சான்றாக முன்வைத்தார். சான்று என்ற சொல்லைச் சட்டம் பயின்ற நாம் எண்ணிப் பார்த்தே சொல்லுகின்றோம்.

1937இல் இருவரும் ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜேர்சித் தீவில் குடியேறினர். 1940 யூலையில் ஜேர்மன் படை அத்தீவைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபரில் யூதர் தம்மைப் பதிவு செய்தல் வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. பிறப்பிட்ட பெயரையே ஏலாதவர், பகைவனின் இடாப்பில் பெயர் எழுதுவிக்கப் போவாரா? போகவில்லை.

அதற்குமேலும் ஒரு காரியம் செய்தார்கள். தடைசெய்யப்பட்ட வானொலியில் கேட்ட செய்திகளை, மூர் அறிந்திருந்த ஜேர்மன் மொழியிலே துண்டுப்பிரசுரமாகத் தட்டெழுதினார்கள். 'பெயரற்ற போர்வீரன்' என்று ஒப்பமிட்டார்கள். படைவீரரின் மேலங்கிப் பைகளிலும் வாகனங்களிலும் அவற்றை இரகசியமாகச் சேர்த்தார்கள். போரின் பயனின்மையை உள்ளிருந்தே ஒரு வீரன் கூறுவதாகப் படையினர் எண்ண வேண்டும் என்பதே நோக்கம். அறைக்குள் பல்லாண்டு பயின்ற உருமாற்றக் கலை இங்கே போர்க்கருவியாயிற்று.

1944 யூலையில் பிடிபட்டனர். காகுனுக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. மூர் ஐம்பதைக் கடந்தவர். இரு பெண்கள் தனித்து நின்று இதைச் செய்திருக்கக்கூடும் என்று விசாரித்தோர் எளிதில் நம்பவில்லை. பெண் என்றால் இன்னவள் என்று வகுத்து வைத்திருந்த எண்ணம் அவர்தம் கண்ணை மறைத்தது போலும். நவம்பரில் இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. பின்னர் அது குறைக்கப்பட்டது. ஆயினும் வீட்டிலிருந்த கலைப்பொருள்கள் பல சூறையாடப்பட்டு அழிந்தன.

1945 மே மாதம் விடுதலை வந்தது. அப்போது எடுத்த படமொன்று எஞ்சியிருக்கிறது. தலையில் துணி கட்டி, மேலங்கி அணிந்து, வாசற்படியில் நிற்கிறார் காகுன். ஒப்பனை ஏதுமில்லை. பற்களுக்கிடையே நாசிப் படையின் கழுகுச் சின்னத்தைக் கடித்துப் பிடித்திருக்கிறார்.