விருந்தாளியின் கடமை



பெருநாள் விடுமுறையில் குமாரலிங்கபுரம் வட்டாரத்துக் கரிசல் கிராமங்களிலுள்ள உறவினரைக் காணக் குடும்பத்தோடு வருவோர், லாட்ஜில் தங்கினால் உறவு முறிந்துவிடுமோ எனத் தயங்குகின்றனர்.

விருந்து மூன்று நாட்களே. வீட்டாரைச் சிரமப்படுத்தும் அளவிற்குத் தங்குவது விருந்தாளிக்கு ஆகுமானதல்ல என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை (புகாரி: 6135).

சிந்தியுங்கள்! ஒரே அறையுள்ள வீடு, தண்ணீருக்குத் தட்டுப்பாடு, மஹ்ரமல்லாத ஆண்கள் இரவு தங்கினால் பெண்கள் ஒதுங்க இடமில்லை. நமக்கு விருந்து படைக்க அவர்கள் கடனாளியாவதா உறவைப் பேணுவது?

எனவே, அருப்புக்கோட்டையில் அறை எடுப்பதில் குற்றமில்லை. மது விற்காத, குடும்பத்தோடு தங்கத்தக்க விடுதியாக அது இருக்கட்டும். ஆனால், வசதியை நாடித் தொலைவிலுள்ள மதுரையில் தங்கி, ஒரு மணி நேரம் தலைகாட்டிச் செல்வது முறையன்று.

காரணத்தை முன்கூட்டியே பணிவோடு சொல்லுங்கள். பெருநாள் தொழுகையை அவர்களுடன் தொழுங்கள். அவர்கள் தரும் கஞ்சியானாலும் மனமுவந்து அருந்துங்கள். உறங்குமிடம் வேறாகலாம், உள்ளம் வேறாகலாகாது. வீட்டாரும் இதைக் குறையாக எண்ணலாகாது.

உறவைப் பேணி வாழும் நற்பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.