இரட்டைக்குழல் துப்பாக்கி மக்கர் செய்தால்



புணே நகரத்தில் வானவடி என்று ஒரு பகுதி இருக்கிறது. மராட்டியத் தளபதி மகாதஜி ஷிண்டே 1794-ஆம் ஆண்டு இங்கேதான் இறந்தார். ஷிண்டே சத்ரி என்ற அவருடைய நினைவிடம் இன்றும் அங்கே இருக்கிறது. அவருடைய படையில் துப்பாக்கி வீரர்கள் ஏராளம். அந்தக் காலத் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாகப் போட்டு இடிக்க வேண்டும். மழையில் மருந்து நனைந்துவிட்டால் துப்பாக்கி வெறும் தடிதான்.

இன்றைய வானவடியைச் சுற்றிலும் ராணுவ இடங்கள். ராணுவ மருத்துவக் கல்லூரியும் அங்கேதான் உள்ளது. பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் அந்தப் பக்கமே தங்கிவிடுகிறார்கள். சிலர் வங்கிகளில் காவல் வேலைக்குப் போகிறார்கள். அப்படிப்பட்ட இருவரின் கதை இது. ஒருவர் திருநெல்வேலிக்காரர், வயதானவர். இன்னொருவர் வேலூர்ப் பக்கம், இளையவர்.

வங்கிக் காவலாளி கையில் இருப்பது பெரும்பாலும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. 12 போர் என்றால் என்ன? குழலின் அகலத்துக்குச் சரியாக ஈயக் குண்டு செய்தால், 12 குண்டு சேர்ந்து ஒரு ராத்தல் எடை வரும். அதுதான் கணக்கு. தோட்டாவுக்குள் பல ரவைகள் இருக்கும். மேலே உள்ள நெம்புகோலைத் தள்ளினால் குழல்கள் கீழே மடியும். பின்பக்கம் இரண்டு தோட்டா போட்டு மூட வேண்டும். விசையும் இரண்டு. வழக்கமாக முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு.

பழைய துப்பாக்கியில் குதிரை வெளியே தெரியும். அது நிமிர்ந்திருக்கிறதா, படிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். இப்போது வருவதில் பலவற்றில் குதிரை உள்ளே மறைந்திருக்கிறது. துப்பாக்கியை மடித்தாலே அது சுடத் தயாராகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. சேப்டி போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. பல துப்பாக்கிகளில் சேப்டி விசையை மட்டும்தான் பிடிக்கிறது, குதிரையைப் பிடிப்பதில்லை. உள்ளே ஒரு பல் தேய்ந்திருந்தால், துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கலாம்.

ஆடி மாதத்து மழைக்காலைப் பொழுது. இளையவர் தோட்டா போட்டுத் துப்பாக்கியை மூடினார். மூடவில்லை. மயிரிழை இடைவெளி நின்றது. அவர் முழங்காலில் வைத்து ஓங்கி அழுத்தப் போனார்.

"தம்பி, நிறுத்து! முதல்ல தோட்டாவை வெளியே எடு" என்றார் பெரியவர்.

"சும்மா மழைக்கு இறுகியிருக்கு அண்ணே. ஒரு தட்டுத் தட்டினாச் சரியாயிடும்."

"எடுடா முதல்ல."

தோட்டா இரண்டும் வெளியே வந்தன. இரண்டையும் பெரியவர் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு தோட்டாவை வெளியே தள்ளும் தகட்டுக்கு அடியில் பார்த்தார். அங்கே அழுக்கும் எரிந்த மருந்தும் கட்டியாக ஒட்டியிருந்தன. தகடு சரியாகப் படியவில்லை. அதனால்தான் மூடவில்லை. குச்சியில் துணி சுற்றித் துடைத்தார். பிறகு பின்பக்கத்திலிருந்து குழல்களை வெளிச்சத்தில் பார்த்தார். வலது குழல் வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது. இடது குழல் இருட்டு.

முந்தின நாள் மாலை துடைத்தபோது ஒரு துண்டுத் துணி உள்ளேயே தங்கிவிட்டது. தட்டி மூடிச் சுட்டிருந்தால் குழல் வெடித்துக் கிழிந்திருக்கும். குழலைத் தாங்கும் இடது கையின் விரல்கள் அங்கேதானே இருக்கும்!

இளையவர் வெகுநேரம் பேசவில்லை.

துணி மட்டுமல்ல. சேறு, குளவிக்கூடு எதுவும் குழலை அடைக்கும். இன்னொரு பொல்லாத அடைப்பும் உண்டு. 20 போர் தோட்டா சிறியது. தவறி 12 போர் குழலில் போட்டால் உள்ளே நழுவிப் போய் நடுவில் நின்றுகொள்ளும். குழல் காலி என்று நினைத்து 12 போர் தோட்டாவையும் போட்டுச் சுட்டால் கதை முடிந்தது. இதற்காகவே 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது உலக வழக்கம்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால்? உடனே மடித்துப் பார்க்கக்கூடாது. சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். பிறகு மடித்துத் தோட்டாவின் அடியைப் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள கேப்பில் ஊசி குத்திய குழி இருக்கும். குழி ஆழமாக இருந்தால் தோட்டாவின் மேல் சந்தேகம். ஈரம் பட்டிருக்கலாம், பழையதாக இருக்கலாம். குழி லேசாக இருந்தால் துப்பாக்கியில் கோளாறு. ஊசி தேய்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தாலும் அப்படி ஆகும்.

எண்ணெய் விஷயத்தில் பலர் தாராளமாக இருக்கிறார்கள். புணே மழைக்குத் துரு பிடிக்கும் என்று பயந்து ஊற்றுகிறார்கள். அந்த எண்ணெய் பின்னால் வடிந்து கட்டைக்குள் இறங்குகிறது. மரம் ஊறி மெத்தென்று ஆகிறது. மெல்லிய பூச்சு போதும். எண்ணெய் போட்ட இரவு காலித் துப்பாக்கியைக் குழல் வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைப்பது நல்லது.

பெரியவரும் லேசுப்பட்டவர் அல்ல. பட்டாளத்தில் ரைஃபிளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றி மாட்டியவர். தோட்டாவுக்குப் பதில் டம்மி போட்டுச் சோதித்தபோது, மூடியவுடனே இடது பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம். யாரும் விசையைத் தொடவில்லை. குதிரை தானாக விழுகிறது! குதிரையைப் பிடித்து நிறுத்தும் பல் தேய்ந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது.

அங்கேதான் அவர் நின்றார். பட்டாளத்து ரைஃபிளின் உதிரிப் பாகம் ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் பொருந்தும். இரட்டைக்குழல் அப்படியல்ல. பலவற்றில் பாகங்கள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கையால் அராவிப் பொருத்தப்பட்டவை. ஒரு நூல் அதிகம் அராவினால், ஒரு விசைக்கு இரண்டு குழலும் சேர்ந்து வெடிக்கும். மேலும், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும். அவருக்கு வைத்திருக்கத்தான் அனுமதி, பழுதுபார்க்க அல்ல. துப்பாக்கி வங்கியினுடையது. லைசென்சில் காவலாளி என்று அவர் பெயரும் இருந்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னார். மேலாளருக்கு எரிச்சல்.

"இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தது? ஒரு நாள்கூட நீங்க சுடவே இல்லையே?"

"சுடாததாலதான் சார் தெரியாமப் போச்சு" என்றார் பெரியவர்.

பதிவேட்டில் எழுதினார்கள். லைசென்ஸ் பெற்ற கடைக்குத் துப்பாக்கியை லைசென்சோடு, தோட்டா இல்லாமல், உறையில் போட்டுக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் குழல்களைக் கட்டையோடு சேர்த்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். கீலும் சற்றுத் தளர்ந்திருந்தது. அதையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்றார்.

அதுவரை பெரியவர் கைத்தடியோடு வாசலில் நின்றார். வாடிக்கையாளர்கள் கேலி செய்தார்கள். பட்டாளத்துக்காரர் கையில் மூங்கில் தடியா என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டார்.

துப்பாக்கி திரும்பி வந்த அன்று இளையவர்தான் முதலில் வாங்கினார். கடைச் சீட்டைக்கூடப் பார்க்கவில்லை. மடித்து, பின்பக்கத்திலிருந்து வாசல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தார். இரண்டு குழலிலும் வட்டமாக வானம் தெரிந்தது.