போட்டிக்கு முன்னே வரும் படபடப்பு
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலங்கழிப்பவன் நான். ஒலிபெருக்கியைக் கண்டாலே எனக்கு நா வறள்கிறது. ஆகையால், செயலாளர் அவர்கள் எனக்களித்த இப்பொருளைப் பற்றிப் பேச முழுத் தகுதியும் உடையவன் என்றே எண்ணுகிறேன்.

நம் குடியிருப்பில் வளர்ந்த பெண் ஒருத்தி. இன்று கல்லூரியில் படிக்கிறாள். அவள் இசைவு பெற்றே இதனைச் சொல்கிறேன். சிறு வயதில் நம் மைதானத்தில் பையன்களாலும் அவளை எட்டிப்பிடிக்க இயலாது. பள்ளிகளுக்கிடையே நடந்த 200 மீட்டர் ஓட்டத்திற்குச் சென்றவள், வயிற்றைப் பிசைகிறதென்று கூறி, ஓடாமலே திரும்பினாள். வீட்டில் எவரும் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் வந்தவர் போனவரெல்லாம், "இதற்குப் போய்ப் பயப்படலாமா?" என்று கேட்டனர். அவளுக்குத் துணிவில்லை என்று ஊர் முடிவு கட்டியது. அவளும் அதனை நம்பினாள். அன்றோடு ஓட்டம் நின்றது.

அதே வயிற்றுப் பிசைவு யாருக்கு நேர்ந்தது தெரியுமா? நம் ரயில்வேக் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஒருவருக்கு. கோலாப்பூரைச் சார்ந்த ஸ்வப்னில் குசாலே, மத்திய ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராக வேலை பார்த்தவர். 2024 ஆகஸ்டு 1ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் துப்பாக்கி சுடும் இறுதிப் போட்டி. அன்று காலை அவரால் ஒன்றும் உண்ண முடியவில்லை; பாலில்லாத தேநீர் மட்டும் குடித்தார். நெஞ்சு மிக வேகமாக அடித்ததாகப் பின்னர் அவரே கூறினார். அவர் செய்தது என்ன? மூச்சைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டார். புள்ளிப் பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. புதிதாக எதையும் முயலாமல், நாள்தோறும் சுடுவதுபோலவே சுட்டார். 451.4 புள்ளிகளும் வெண்கலப் பதக்கமும் கிட்டின. அந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே.

ஆகவே, பதக்கம் பெற்றவருக்கும் படபடப்பு உண்டு. அது கோழைத்தனத்தின் அடையாளமன்று. நெருக்கடி வந்தவுடன் அட்ரீனலின் என்னும் சுரப்பு குருதியில் கலக்கிறது. நெஞ்சு விரைகிறது, வயிற்றுக்குப் போகும் குருதி குறைந்து கைகால் தசைகளுக்கு மிகுதியாகப் பாய்கிறது. வயிறு பிசைவதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய நீராவி இயந்திரத்தைப் பார்த்த பெரியோர் இங்கே இருப்பீர்கள். புறப்படுமுன் அது சீறிக்கொண்டு நிற்கும். பழுதென்று யாரும் அதனைக் கொட்டகைக்கு அனுப்பியதில்லை!

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அலிசன் உட் புரூக்ஸ் என்னும் அம்மையார் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. மேடையில் பேச வேண்டியவர்களுள், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்களே நன்றாகப் பேசினராம். இல்லாத அமைதியை வலிந்து வரவழைப்பது கடினம். அடிக்கின்ற நெஞ்சுக்கு வேறு பெயர் வைப்பது எளிது.

குழந்தைகளே, கோட்டருகே நிற்கும்போது மூன்று எண்ணி மூச்சை இழுங்கள். ஆறு எண்ணி மெல்ல விடுங்கள். அப்படி விடுகையில் நெஞ்சின் வேகம் சற்றே தணியும். பக்கத்துப் பாதையில் நிற்பவரின் காலணியைப் பார்க்க வேண்டாம்; விலையுயர்ந்த காலணி எதுவும் தானாக ஓடியதில்லை. முதல் பத்தடி எப்படி ஓடுவது என்பது ஒன்றே மனத்திலிருக்கட்டும்.

இனிப் பெற்றோரிடம் வருகிறேன். உண்மையில் என் உரை உங்களுக்குத்தான். "பயப்படாதே" என்று பத்து முறை சொன்னால், பயப்பட ஏதோ இருக்கிறதென்றே குழந்தை எண்ணும். "உன்னை நம்பித்தான் இருக்கிறோம்" என்பதோ அதனினும் பெரிய பாரம்.

நம் சென்னைப் பிள்ளை குகேஷ், 2024 நவம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை எதிர்த்து உலகப் பட்டத்திற்கு ஆடியபோது, முதல் ஆட்டத்திலேயே தோற்றார். வயது 18. அன்று மின்தூக்கியில் விசுவநாதன் ஆனந்தைச் சந்தித்தார். அவர் அறிவுரையும் கூறவில்லை, ஆறுதலும் கூறவில்லை. தமக்கு மிச்சமிருந்தவை 11 ஆட்டங்களே, உனக்கோ 13 இருக்கின்றன என்றாராம். 2010இல் சோபியா நகரில் டோபலோவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்றுப் பின் பட்டத்தைக் காத்தவர் அவர். அந்த ஒரு கணக்குப் போதுமானதாயிற்று. மூன்றாம் ஆட்டத்தில் குகேஷ் வென்றார். டிசம்பர் 12ஆம் நாள் உலக வீரரானார். வீட்டிலும் இப்படி அளந்து பேசலாகாதா?

பேச்சு மட்டும் போதாது; பழக்கமும் வேண்டும். 2004இல் ஏதென்சில் இறுதிச் சுற்றில் ஏழாம் இடத்தோடு திரும்பிய அபினவ் பிந்திரா, பெய்ஜிங்கின் பெரிய அரங்கிற்குப் பழக வேண்டுமென்று சண்டிகரில் ஒரு கல்யாண மண்டபத்தையே வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பயின்றார். 2008இல் கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்து வீரரும் சமமாக நின்றனர். பிந்திரா அடித்தது 10.8. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அது.

நமக்குக் கல்யாண மண்டபம் கட்டுப்படியாகாது. மைதானம் இருக்கிறது. வரும் ஞாயிறு முதல் காலை 6 மணிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டு, விசில் ஊதி, கண்டீரவா அரங்கில் நடப்பதுபோலவே பிள்ளைகளை ஓடவிட ஏற்பாடாகியிருக்கிறது. ஓடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுற்றி நின்று கூச்சலிடத்தான் ஆள் போதவில்லை. பெற்றோர் காப்பி குடித்த கையோடு வந்து நிற்க வேண்டுகிறேன். 7 மணிக்கெல்லாம் மைதானம் கிரிக்கெட்காரர் வசம் போய்விடும்.