டீசலில் நீர் கலந்தால்: படகு எஞ்சினும் பம்புசெட்டும்



பயிரியல் படித்தவர் படகு எஞ்சினைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். பசியாவரத்து ஃபைபர் படகில் ஓடும் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கும், பொன்னேரிப் பக்கத்து வயலில் நீர் இறைக்கும் டீசல் எஞ்சினுக்கும் எரிபொருள் செல்லும் வழி ஒன்றேதான். டேங்க், ஃபில்டர், எஃப்.ஐ.பி. பம்பு, உயர் அழுத்தக் குழாய், நாசில் என்ற வரிசையில் மாற்றமில்லை. ஆகவே இரு சாராருக்கும் ஒரே பேச்சுப் போதும். வேறுபாடு விளைவில்தான் இருக்கிறது. வயலில் எஞ்சின் நின்றால் அரை நாள் பாய்ச்சல் போகும். முகத்துவாரத்தில் அலை முறியும் இடத்தில் நின்றால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும், உயிருக்கே ஆபத்து.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை அமுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைப் புகைபோல் பீச்சி எரிய வைக்கிறோம். இந்தப் பீச்சலுக்குச் சிறிய எஞ்சின்களிலேயே சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் அழுத்தம் தேவை. அதைத் தருவது பம்புக்குள் இருக்கும் பிளஞ்சர் என்ற சிறு உருளை. பிளஞ்சருக்கும் அது ஓடும் பாரலுக்கும் இடையிலுள்ள சந்து ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் அதில் 2 அல்லது 3 பங்குதான். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு நுட்பமான பம்பை ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் 1927-இல் பெருமளவில் செய்யத் தொடங்கியது. நம் நாட்டில் 1951-இல் நிறுவப்பட்ட மைக்கோ அதைச் செய்தது. இன்றும் பல மெக்கானிக்குகள் 'மைக்கோ பம்பு' என்றே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நிமிடத்திற்கு 1500 சுற்று சுற்றும் எஞ்சினில், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை டீசல் பீச்சப்படுகிறது. அதாவது நிமிடத்திற்கு 750 தடவை, ஒரு மணிக்கு 45,000 தடவை. 5 குதிரைத்திறன் எஞ்சின் முழுப் பாரத்தில் மணிக்குச் சுமார் ஒன்றேகால் லிட்டர் குடிக்கிறது என்று வைத்தால், ஒரு தடவைக்கு ஏறத்தாழ அரைச் சொட்டுதான் போகிறது. அந்த அரைச் சொட்டு நீராக இருந்தால் அந்தத் தடவை எஞ்சின் வெறுமனே சுற்றும்.

வெறுமனே சுற்றுவதோடு போனால் பரவாயில்லை. பிளஞ்சருக்கு மசகெண்ணெய் வேறு கிடையாது. டீசலே அதற்கு எண்ணெய். நீர் அந்த வேலையைச் செய்யாது. எஃகும் எஃகும் உரசிக் கீறல் விழும், பம்பு அழுத்தம் இழக்கும். நாசில் முனை கொதிக்கும் சூட்டில் இருப்பதால் அங்கு வந்த நீர் திடீரென ஆவியாகி முனையைச் சேதப்படுத்தும். எஞ்சினை நிறுத்திய பிறகு உள்ளே தங்கிய நீர் துருப்பிடிக்க வைத்து, பிளஞ்சரைச் சிக்க வைத்துவிடும். ஏரி நீர் என்றால் இது இன்னும் மோசம். மழைக்காலத்தில் ஆரணியாறு போன்றவை நன்னீர் கொண்டுவரும்போது உப்புக் குறைந்தாலும், கோடையில் ஏரியின் சில பகுதிகளில் கடல்நீரையும் மிஞ்சிய உப்பு ஏறும். அந்த நீர் ஒரு தேக்கரண்டி பம்புக்குள் இரண்டு நாள் கிடந்தாலே பம்பு பழுதாகப் போதுமானது.

நீர் எங்கிருந்து வருகிறது? 'டேங்கில் வேர்த்துவிட்டது' என்று பலரும் சொல்வார்கள். அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 லிட்டர் டேங்க் பாதி காலி என்றால் உள்ளே 10 லிட்டர் காற்று. எவ்வளவு ஈரமான காற்றாக இருந்தாலும் 30 டிகிரி சூட்டில் அதிலுள்ள மொத்த நீர் ஆறு சொட்டுக்கு மேல் இராது. இரவில் குளிர்ந்து படிவது ஒன்றிரண்டு சொட்டே. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த எஞ்சினில் இது சேர்ந்து தொல்லை தரும் என்பது உண்மை. ஆகவே நிறுத்தி வைக்கும்போது டேங்கை ஏறக்குறைய நிரப்பி வைப்பது நல்லது. ஆனால் ஒரே நாளில் அரை டம்ளர் நீர் கண்டால் அது வேர்வையன்று; யாரோ ஊற்றியதுதான். மூடியில்லாத கேன், படகின் அடிநீரில் கிடந்த புனல், மூடி வழியே தெறித்த அலை, மழையில் நின்ற பேரல் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள்.

பேரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 200 லிட்டர் பேரலை வெளியில் நிமிர்த்தி வைத்தால் மேல்தட்டின் விளிம்புக்குள் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து அடைப்பானின் மரை வழியே வெளியேறும். மாலை மழையில் பேரல் குளிர்ந்ததும் உள்ளே காற்றுக் குறைந்து, மேலே தேங்கிய நீரை அதே மரை வழியே உறிஞ்சிக்கொள்ளும். இறுக்கி மூடியிருக்கிறேன் என்ற நம்பிக்கை இங்கு உதவாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இது தினமும் நடக்கக் கூடியது. பேரலைப் படுக்க வைத்து, இரண்டு அடைப்பான்களும் ஒரே மட்டத்தில், டீசலுக்குள் அமிழ்ந்திருக்கும்படி திருப்பி வையுங்கள். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டுமென்றால், தேங்கும் நீர் எந்த அடைப்பானையும் எட்டாதபடி ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து, மேலே கூரையோ தார்ப்பாயோ போடுங்கள்.

டேங்க் மூடியிலுள்ள சிறு துளையைத் துணி வைத்து அடைக்கும் வழக்கம் உண்டு. இது தவறு. காற்றுப் புகாவிட்டால் டீசல் இறங்காது, நடு ஏரியில் எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். துளையில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, கொக்கிபோல் வாய் கீழ்நோக்க வளைத்துவிட்டால் காற்றுப் போகும், தெறிக்கும் நீர் போகாது.

வேட்டித் துணியில் வடிகட்டினால் குப்பை நிற்கும், நீர் நிற்காது. நீரைப் பிரிக்க நேரமே சிறந்த கருவி. டீசலின் எடை லிட்டருக்குச் சுமார் 830 கிராம், நீரோ 1000 கிராம். ஆகவே நீர் அடியில் இறங்கிவிடும். கேனை இரவு முழுதும் அசையாமல் மேடான இடத்தில் வைத்து, காலையில் மேல் டீசலை மட்டும் எடுத்து ஊற்றுங்கள். அடியில் இரண்டு விரற்கடை விட்டுவிடுங்கள். இதற்கு வெள்ளை நிற பிளாஸ்டிக் கேனே எனக்குப் பிடித்தது. வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் நீர்க்கோடு தெரியும்.

ஐயம் இருந்தால், கண்ணாடிப் புட்டியில் அடி டீசலை எடுத்து ஓரிரு பொட்டாசியம் பர்மாங்கனேட் படிகங்களைப் போடுங்கள். அது டீசலில் கரையாது. நீர் இருந்தால் அடியில் ஊதா நிறம் ஓடும். நீருக்கும் டீசலுக்கும் நடுவே கருத்த வழவழப்பு தென்பட்டால் அங்கு நுண்ணுயிர் வளர்ந்துவிட்டது. அதன்பின் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்கையே கழுவ வேண்டும். நீரைப் போக்கும் என்று விற்கப்படும் சாராய வகைத் திரவங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை நீரைப் போக்குவதில்லை. டீசலோடு கலந்து பம்புக்குள்ளேயே அனுப்பி வைக்கின்றன.

படகுகளில் டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே அடிக்கிண்ணமும் திருகும் உள்ள நீர்ப்பிரிப்பான் ஒன்று பொருத்துவது செலவுக்குத் தகுந்த பயன் தரும். கிண்ணம் கண்ணாடியாக இருந்தால் நல்லது. கடலுக்குப் போகுமுன், படகு ஆடி நீர் கலங்குவதற்கு முன்பே திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். போய் வந்த பிறகு வடிப்பதில் பாதிப் பயன்தான்.

வெண்புகை, தட்டும் ஓசை, விட்டுவிட்டு ஓடுதல் ஆகியவை நீரின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் எஞ்சினை முறுக்கி ஓட்டாமல் உடனே நிறுத்துங்கள். டேங்கையும் கிண்ணத்தையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, நல்ல டீசல் ஊற்றி, ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்துங்கள். குமிழி நின்றதும் மூடி, பம்பின் திருகையும் அவ்வாறே செய்யுங்கள். கடைசியில் நாசில் பக்கத்து நட்டைச் சிறிது தளர்த்தி எஞ்சினைக் கையால் சுற்றி, டீசல் துள்ளி வந்ததும் முடுக்குங்கள். நாசிலைக் கழற்றிச் சோதிக்கும்போது பீச்சலுக்கு எதிரே கையைக் காட்டவே கூடாது. 200 கிலோ அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு ஊசிக் குத்துப்போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலை இழக்க நேரிடும்.

உப்புநீர் பம்பு வரை போய்விட்டது தெரிந்தால், 'நாளை பார்ப்போம்' என்று உலர விடாதீர்கள். அன்றே நல்ல டீசலால் கழுவி, பம்பில் டீசல் நிறைந்த நிலையிலேயே மெக்கானிக்கிடம் கொடுங்கள். படகில் ஒரு மாற்று ஃபில்டரும், அதைக் கழற்றும் ஸ்பேனரும், ஐந்து லிட்டர் தெளிந்த டீசலும் மூடிய பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.